ஏற்றம் கேட்கும் இழுவை

கடுகண்ணாவை ஏற்றத்தில் இருவரைச் சுமந்துவரும் பழைய பைக் மூன்றாம் கியரில் திணறி, இரண்டுக்கு இறங்கி, பின்னால் வரும் பஸ்ஸின் ஹோர்னுக்கு ஓரமாக ஒதுங்குவது கண்டிப் பக்கத்தில் அன்றாடக் காட்சி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடையில் பழைய பைக்குகளின் விலையும் எகிறிவிட்டது. வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதியது இன்றும் பலருக்கு எட்டாத தூரத்தில். ஆகவே இருக்கிற எஞ்சினுக்கே பவர் கூட்டலாமா என்று கேட்பது நியாயம்தான். கூட்டலாம். ஆனால் நம் வீதிகளில் பெரும்பாலும் தேவைப்படுவது, அந்த எஞ்சின் புதிதாக இருந்தபோது வைத்திருந்து பிறகு தேய்ந்து தொலைத்த பவர். அதை மீட்கும்வரை இழுவையும் நம்பகமும் ஒரே செலவில் சேர்ந்து வரும். அதற்கு மேல் போனால் ஒன்றை விற்றுத்தான் மற்றதை வாங்க வேண்டும்.

தொலைந்த பவர் எங்கே போனது? சிலிண்டரின் மேல்பகுதியைப் பார்த்தால் தெரியும். பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் இடத்தில் ரிங் ஒரு கணம் நிற்கிறது. அங்கே எண்ணெய்ப் படலம் மெல்லியது, எரியும் வாயுவின் அழுத்தமோ உச்சத்தில். அதனால் சிலிண்டர் கீழே இருப்பதைவிட மேலே அதிகம் தேய்ந்து, விரல் நகத்தில் தட்டுப்படும் ஒரு விளிம்பு உருவாகிறது. அழுத்தம் அந்த வழியாகக் கசிகிறதா, வால்வ் வழியாகவா என்று அறிய எளிய சோதனை உண்டு. பிளக்கைக் கழற்றி அழுத்தமானியை வைத்துக் கிக்கரை மிதிக்க வேண்டும். பிறகு பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மீண்டும் மிதிக்க வேண்டும். முள் நன்றாக ஏறினால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் சந்தேகம் வால்வ் மீது. சில நிமிட வேலை. இதைச் செய்யாமலே எஞ்சினைப் பிரிக்கச் சொல்லும் இடத்தில் பைக்கை விடாதீர்கள். வால்வ் கசிவுக்குப் பல வேளைகளில் காரணம் நம் அவசரம்தான்: டெப்பட் சத்தம் அடங்கட்டும் என்று இடைவெளியே இல்லாமல் இறுக்கிவிடுகிறோம். சூட்டில் விரியும் வால்வ் முழுதாக மூடாமல் நின்று விளிம்பு கருகிப்போகிறது. லேசாகச் சத்தம் போடும் டெப்பட் அதைவிட எவ்வளவோ மேல்.

போர் அடித்தால், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போட்டால், சிசி கூடும், பவரும் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் பார்ப்போம். ஹீரோ ஹொண்டா சிடி 100, ஸ்பிளெண்டர் வகை எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓட்டம் 49.5, மொத்தம் 97.2 சிசி. விட்டத்தை ஒரு முழு மில்லிமீற்றர் கூட்டினாலும் கிடைப்பது ஏறத்தாழ 101 சிசி, அதாவது 4 வீதம். ஓட்டுபவர் உணரும் பெரிய மாற்றம் அந்த 4 வீதத்தால் வருவதில்லை. புதுச் சுவரும் புது ரிங்கும் கசிவை அடைத்ததால் வருகிறது.

அப்படியானால் இன்னும் பெரிய பிஸ்டன் போட்டு, ஹெட்டையும் சீவி அழுத்தவிகிதத்தை ஏற்றினால் என்ன? சமதரையில் சிலகாலம் தாக்குப்பிடிக்கலாம். மலையில்தான் சிக்கல். ஏற்றத்தில் திரொட்டில் முழுதாகத் திறந்திருக்கும், வேகமோ மணிக்கு 30 கிலோமீற்றர். காற்றால் மட்டுமே குளிரும் எஞ்சினுக்கு அதிகச் சூடும் குறைந்த காற்றும் ஒரே நேரத்தில் வாய்க்கின்றன. ஏறத்தாழ 9க்கு 1 என்ற விகிதத்துக்கு அமைத்த எஞ்சினை மிகையாக ஏற்றிவிட்டு 92 ஒக்டேன் பெற்றோல் ஊற்றினால், அது தட்டத் தொடங்கும். தட்டல் நீடித்தால் பிஸ்டனின் தலை அரிக்கும். இந்தச் சிறிய எஞ்சின்களில் கிளட்ச், கியர் எல்லாவற்றுக்கும் சேர்த்து இருப்பது சுமார் ஒரு லீற்றர் ஒயில். சூட்டைத் தாங்க அதற்குமேல் கையிருப்பு இல்லை. நியூசிலாந்தின் பேர்ட் மன்ரோ 1920ஆம் ஆண்டின் இந்தியன் ஸ்கவுட் பைக்கின் 600 சிசி எஞ்சினைப் பல்லாண்டு பாடுபட்டு 950 சிசியாக்கி, 1967இல் அமெரிக்க உப்புவெளியில் மணிக்கு 295 கிலோமீற்றரைத் தொட்டார். அதிசயம்தான். ஆனால் அவருடைய பட்டறையில் வேகத்தின் கடவுளுக்குக் காணிக்கை என்று எழுதிய தட்டு ஒன்றும் இருந்தது, நிறைய உடைந்த பாகங்களோடு. வேலைக்குப் போகும் பைக்கில் அந்தக் காணிக்கையை யார் செலுத்துவது?

நிறுவனங்களே ஒரே அடிப்படையில் சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சினும் செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தன. ஆனால் பிஸ்டனோடு நிற்கவில்லை. கிரேங்க், கிளட்ச், ஒயில் பம்ப் எனப் பலதையும் அந்தச் சுமைக்கேற்ப மாற்றின. நாம் ஒன்றை மட்டும் மாற்றும்போது அடுத்துப் பலவீனமான பாகம் உடையக் காத்திருக்கிறது. சைலன்சரைத் திறந்துவிடுவது பற்றி ஒரு வரி போதும்: காதுக்குத்தான் பவர், ஏற்றத்துக்கு வேண்டிய நடுத்தர வேக இழுவை பெரும்பாலும் குறையும்.

ஏற்றத்தில் இழுவை வேண்டுமென்றால் எஞ்சினைத் தொடாமலே வழி இருக்கிறது. பின் ஸ்புரொக்கட் 42 பல்லானால் 44 போடுங்கள். எல்லாக் கியரிலும் சக்கரத்தில் இழுவை ஏறத்தாழ 5 வீதம் கூடும், மேலே சொன்ன போர் கணக்கைவிடக் கூடுதலாக. உச்ச வேகம் சற்றுக் குறையும், எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகச் சுழலும். பேராதனை, கட்டுகஸ்தோட்டை நெரிசலில் அந்த உச்ச வேகம் யாருக்கு வேண்டும்? உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கண்டி நகரின் சுமார் 500 மீற்றர் உயரத்தில் காற்றடர்த்தி கடல்மட்டத்தைவிட 5 வீதம்தான் குறைவு. 1,868 மீற்றரில் உள்ள நுவரெலியாவில் இழப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ரம்பொடை வழியாக அங்கே அடிக்கடி போகும் பைக்கில், குறைந்த காற்றுக்குப் பெற்றோல் மிகுந்து பிளக் கறுத்துக்கொண்டே இருந்தால், கார்பரேட்டரில் ஒரு படி சிறிய ஜெட் போட்டுப் பார்க்கலாம்.

வேறு எஞ்சினையே மாற்றிவிட நினைப்பவர்கள், எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் பதிவுச் சான்றிதழில் இருப்பதை மறக்கக்கூடாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்தாவிட்டால் விற்கும் நாளில் மாட்டிக்கொள்ள நேரும். இறக்கத்தையும் நினைக்க வேண்டும். மஹியங்கனை வீதியின் 18 வளைவில் கீழே வரும்போது கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தைப் பிடிப்போம். ரிங்கும் வால்வும் சரியாக அடைக்கும் எஞ்சின்தான் அதற்கு நன்றாக உதவும். கசியும் எஞ்சினில் அந்தப் பாரமும் சிறிய ட்ரம் பிரேக்கின் மேல்தான் விழும்.