பனியாற்றின் ஐந்தொகை

பி.காம். படித்தவனுக்குப் பனியாறு பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், க்ளேசியர் என்று இங்கிலீஷில் சொல்கிறார்களே, அதை ஆராய்கிற விஞ்ஞானிகள் பேசுவது முழுக்க எங்கள் பாஷைதான். வரவு, செலவு, மிச்சம், பற்றாக்குறை. நிதியாண்டு கூட உண்டு சார்! நமக்கு ஏப்ரல் ஒண்ணாம் தேதி கணக்கு பிறக்கிறது. இமயமலைப் பனியாற்றுக்கு அக்டோபர் ஒண்ணு.

கணக்கு ரொம்ப சுலபம். மலை மேலே பெய்கிற பனி, வரவு. கீழே உருகி ஓடுகிற தண்ணீர், செலவு. வருஷக் கடைசியில் மிச்சம் இருந்தால் அது அடுத்த வருஷப் பனிக்கு அடியில் போய்விடும். இப்படிப் பல வருஷத்து மிச்சம் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி அழுத்த, பஞ்சு மாதிரி விழுந்த பனி கெட்டி ஐஸாக இறுகுகிறது. சில பத்து மீட்டர் கனம் சேர்ந்ததும் தன் பாரம் தாங்காமல் சரிவில் நகர ஆரம்பிக்கிறது. நகர்ந்தால்தான் அதற்குப் பனியாறு என்று பெயர். ஒரே இடத்தில் கிடந்தால் வெறும் ஐஸ். (சில ஆபீஸ் ஃபைல்கள் இரண்டாவது ரகம்.)

ஐஸ் எப்படி நகரும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு குடிசையின் கதை. ஸ்விட்சர்லாந்தில் ஹூகி என்பவர் 1827-ல் உன்டரார் பனியாற்றின் மேல் தங்குவதற்கு ஒரு குடிசை கட்டினார். சுமார் 12 வருஷம் கழித்து லூயி அகாஸி என்ற விஞ்ஞானி போய்ப் பார்த்தால், குடிசை பழைய இடத்தில் இல்லை. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கீழே இறங்கி வந்திருந்தது. வீட்டுக்காரர் விரட்டாமல், வீடே காலி பண்ணிக்கொண்டு போன கேஸ்!

இவை எங்கெல்லாம் இருக்கின்றன? உலகத்துப் பனியாற்று ஐஸில் 99 சதவீதத்தை அண்டார்டிகாவும் கிரீன்லாந்தும் வைத்துக்கொண்டிருக்கின்றன. மிச்சம் ஒரு சதவீதத்தைத்தான் ஆல்ப்ஸ், ஆண்டீஸ், அலாஸ்கா, இமயம் என்று இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பனியாறுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆஸ்திரேலியா தவிர மற்ற எல்லாக் கண்டங்களுக்கும் பங்கு உண்டு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோவின் உச்சியில் கூட ஐஸ் இருக்கிறது. குளிர் தேசமாக இருக்க வேண்டும் என்பதில்லை. போதுமான உயரமும் பனியும் இருந்தால் சரி. நம் நாட்டில் சியாச்சின் பனியாறு 70 கிலோமீட்டருக்கு மேல் நீளம். கங்கோத்ரி சுமார் 30 கிலோமீட்டர். அதன் மூக்கு நுனியான கோமுக்கிலிருந்துதான் பாகீரதி புறப்படுகிறாள்.

சும்மா புறப்படுவதில்லை. தண்ணீர் கலங்கலாக, பால் கலந்த மாதிரி இருக்கும். கலந்திருப்பது கல்மாவு. பாறையை அரைத்த மாவு.

அரைப்பது யார்? ஐஸ் தனியாக அல்ல. அது பாறையை விட மெத்து. ஆனால் அதன் அடியில் கல்லும் மணலும் உறைந்து ஒட்டியிருக்கின்றன. தச்சர் உப்புத்தாள் போட்டு மரத்தைத் தேய்ப்பாரே, அதே வேலைதான். இங்கே உப்புத்தாளின் கனம் நூற்றுக்கணக்கான மீட்டர். இன்னொரு வித்தையும் உண்டு. உருகிய நீர் பாறை வெடிப்பில் இறங்கி உறைந்துகொள்ளும். ஐஸ் நகரும்போது பாறைத் துண்டையும் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

ஆறு மலையை வெட்டினால் பள்ளத்தாக்கு பாக்கு வெட்டியால் கீறின மாதிரி குறுகலாக இருக்கும். பனியாறு வெட்டினால் அடிப்பக்கம் அகன்று, தொட்டி மாதிரி. நார்வேயில் இப்படி வெட்டிய பள்ளங்களில் கடல் புகுந்ததுதான் ஃபியார்டு. சோக்னெஃபியார்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1,300 மீட்டர் ஆழம். ஒரே சிகரத்தைச் சுற்றிப் பல பனியாறுகள் குடைந்தால் ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் மாதிரி கூர் கொம்பு மிஞ்சும்.

எடுத்ததை எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே? இரண்டு பக்கத்திலும், மூக்கு நுனியிலும் கல்லும் மண்ணுமாகக் கொட்டிக் கரை கட்டிவிடுகிறது. இதற்கு மொரெய்ன் என்று பெயர். நியூயார்க்கின் லாங் ஐலண்ட் தீவின் மேடுகள் பழைய ஐஸ் கொட்டிய இந்தக் கரைகள்தான்.

இங்கேதான் விஷயம் சீரியஸாகிறது. கணக்கில் துண்டு விழுந்தால் பனியாற்றின் மூக்கு பின்னால் போகும். கரை மட்டும் போட்ட இடத்திலேயே நிற்கும். நடுவில் பள்ளம். அதில் தண்ணீர் சேர்ந்து ஏரி. அந்த ஏரிக்கு அணை, இந்தக் கல்மேடுதான். இன்ஜினீயர் கிடையாது, சிமெண்ட் கிடையாது. உள்ளே புதைந்த ஐஸ் உருகி அணை சொதசொதப்பதும் உண்டு.

கேதார்நாத் கோயிலுக்கு மேலே சுமார் இரண்டு கிலோமீட்டரில் சோராபாரி ஏரி இருந்தது. 2013 ஜூனில் பேய்மழை. 17-ம் தேதி காலை அதன் கரை உடைந்தது. தண்ணீரும் பாறையும் சேர்ந்து ஊரைத் துடைத்துக்கொண்டு போயின. கோயிலுக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை வந்து நின்று வெள்ளத்தைப் பிரித்துவிட்டது. கோயில் தப்பியது. அந்த மழை வெள்ளத்தில் உத்தராகண்டில் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

அடுத்தது சிக்கிம். தெற்கு லோனக் ஏரி 1960-களில் மிகச் சின்னது. பனியாறு பின்வாங்கப் பின்வாங்க வளர்ந்து, 2023-ல் சுமார் 400 ஏக்கர் ஆகிவிட்டது. ஆபத்து தெரியாமல் இல்லை. 2016-ல் குழாய் போட்டுத் தண்ணீரை வடிக்கவும் செய்தார்கள். ஏரி வளர்ந்த வேகத்துக்கு அது போதவில்லை. 2023 அக்டோபர் 3-ம் தேதி ராத்திரி பக்கத்துக் கரை சரிந்து ஏரிக்குள் விழ, எழும்பிய அலை முன்கரையை உடைத்தது. சுங்தாங்கில் 1,200 மெகாவாட் தீஸ்தா அணை போயே போய்விட்டது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து நூறு பேருக்கு மேல்.

துண்டு விழுவதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மூங்கில் கழியால்! ஹிமாசலப் பிரதேசத்தில் சோட்டா ஷிக்ரி என்ற பனியாற்றில் 2002 முதல் கழி நட்டு, வருஷா வருஷம் எவ்வளவு ஐஸ் கரைந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். பெரும்பாலான வருஷங்களில் நஷ்டக் கணக்குதான். ஐஸ்லாந்தில் ஓக் என்ற பனியாறு மெலிந்து நகர முடியாமல் போனதால், 2014-ல் பனியாறு என்ற தகுதியையே இழந்தது. 2019-ல் அதற்கு நினைவுப் பலகை வைத்தார்கள். காரணம், நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து நாம் ஏற்றிய சூடு.

இதில் ஏமாந்துபோக ஒரு இடம் இருக்கிறது. பனியாறு கரையும்போது முதலில் கீழே தண்ணீர் அதிகமாகத்தான் வரும். ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்துச் சாப்பிடுகிற வீட்டில் முதல் இரண்டு வருஷம் சமையல் அமர்க்களமாக இருக்குமே, அதுபோல. பாஸ்புக்கைப் பார்க்காதவர்கள் வருமானம் கூடியிருக்கிறது என்றே நினைப்பார்கள். முதல் கரைந்த பிறகு, மழையில்லாத கோடை மாதங்களில் மேல் பள்ளத்தாக்கு வயல்களுக்குத்தான் முதல் அடி.

எல்.டி.சி.யில் கேதார்நாத், பத்ரிநாத் என்று போகிறவர்கள் லாட்ஜில் வெந்நீர் வருமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் படுக்காதீர்கள். ஊருக்கு மேலே கண்ணை ஓட்டுங்கள். தொட்டி மாதிரிப் பள்ளத்தாக்கு, இருபக்கமும் கல்மேடு தெரிந்தால், நீங்கள் நிற்பது ஐஸ் இருந்துவிட்டுப் போன இடம். அந்த மேட்டுக்குப் பின்னால் ஏரி உண்டா, அதை யாராவது கண்காணிக்கிறார்களா என்று உள்ளூர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அது தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு.