எந்த ஊர் படமோ... இந்த ஊரில் பீதி!

குருபரப்பள்ளி,

கிருஷ்ணகிரி- ஓசூர் நெடுஞ்சாலையில் உள்ளது குருபரப்பள்ளி. சிப்காட் தொழிற்பேட்டை உள்ள ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம் புழங்கும் இந்த எல்லைப் பகுதியில் இப்போது இந்தியும் காதில் விழுகிறது. பிழைப்பு தேடி வந்த பீகார், ஒடிசா தொழிலாளர்கள் பேசும் இந்தி அது.

பக்கத்தில் நின்று வேலை செய்கிறவருக்கு அந்த ஆளின் பெயர் தெரியும். டீக்கடைக்காரருக்கு அவரது கடன் கணக்கு தெரியும். ஆனால் செல்போனில் படம் பார்க்கிறவருக்கு அவர் வெறும் "வடக்கன்"தான்! அங்கே பாட்னாவில் படம் பார்க்கிறவருக்கோ தமிழன் என்றால் "அடிக்கிறவன்"!

இந்த முத்திரைகள் எப்படி விழுகின்றன? 2023-ம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள்.

சிகரெட் புகை

அந்த ஆண்டு ஜனவரி மாதம் திருப்பூர் வீடியோ ஒன்று பரவியது. வடமாநில வாலிபர்கள் கூட்டமாக விரட்டும் காட்சி. "தமிழனை ஓட ஓட விரட்டுறாங்க" என்று ஊரெல்லாம் பேச்சு.

போலீசார் விசாரித்தனர். டீக்கடை அருகே சிகரெட் புகை விட்டதால் வந்த தகராறு என்று தெரிந்தது!

படம் மாறியது

மார்ச் முதல் வாரத்தில் கதை தலைகீழானது. "தமிழ்நாட்டில் பீகார்காரர்களை வெட்டுகிறார்கள்" என்று வடக்கே வீடியோக்கள் பறந்தன. பீகார் சட்டசபையிலேயே அமளி.

அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு உடனே மறுத்தார். பரவிய படங்களில் ஒன்று, பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்த சண்டை. ராஜஸ்தான் மாநிலம் ஜோத்பூரில் வக்கீல் ஒருவர் கொல்லப்பட்ட படமும் தமிழ்நாட்டுக் கணக்கில் சேர்க்கப்பட்டது!

காயக்கட்டு போட்ட இருவரின் வீடியோ, பாட்னாவில் வாடகை வீட்டில் எடுத்தது என்று பீகார் போலீசாரே கூறினர். இதுதொடர்பாக தேடப்பட்ட யூடியூபர் மணீஷ் காஷ்யப் மார்ச் 18-ந்தேதி சரண் அடைந்தார். பிறகு ஜாமீனில் வந்தார்.

ஹோலி கூட்டம்

ரெயில் நிலையங்களில் கூட்டம் அலைமோதியதைக் காட்டி, "பயந்து ஓடுகிறார்கள்" என்றார்கள். அந்த மார்ச் 8-ந்தேதி ஹோலி. தீபாவளிக்கு நம் ஆட்கள் ஊருக்குப் போவதில்லையா? கூட்டம் நிஜம். அதற்குச் சொன்ன காரணம்தான் பொய்.

பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரித்து, திருப்தி தெரிவித்துச் சென்றது.

உயிரும் போனது

இது விளையாட்டு அல்ல. 2018 மே மாதம் "வடநாட்டு பிள்ளை பிடிக்கும் கும்பல்" என்று வாட்ஸ்-அப்பில் வதந்தி பரவியது. போளூர் அருகே கோவிலுக்கு வந்த சென்னை மூதாட்டி, குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். ஊரே சந்தேகப்பட்டு அவரை அடித்தே கொன்றது.

பத்திரிகைகளும், டி.வி.யும் இதில் தப்ப முடியாது. வெளியூர்க்காரர் திருடினால் "வடமாநில வாலிபர் கைது" என்று கொட்டை எழுத்து. உள்ளூர்க்காரர் திருடினால் "வாலிபர் கைது" மட்டும். தினமும் இப்படிப் படித்தால், திருடியவன் மறந்துபோவான். மாநிலம் மட்டும் மனதில் நிற்கும்.

அடுத்த வீடியோ செல்போனுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். அடுத்தவருக்கு அனுப்பும் முன் இரண்டே கேள்வி: எந்த ஊர்? எந்தத் தேதி? பதில் இல்லையா... அழித்துவிட்டு வேலையைப் பாருங்கள்!