நீட்சேயின் கடைசி ஆண்டு

'நான் ஏன் இவ்வளவு ஞானமுள்ளவன்', 'நான் ஏன் ஒரு விதி' என்றெல்லாம் அத்தியாயங்களுக்குத் தலைப்பு வைத்துத் தன்வரலாறு எழுதிய மனிதரை என்ன சொல்வது? பிரீட்ரிக் நீட்சே தன் 44ஆவது பிறந்தநாளில், 1888 அக்டோபர் 15 அன்று, இத்தாலியின் துரின் நகரில் 'எக்கே ஹோமோ' என்ற அந்நூலை எழுதத் தொடங்கினார். அடுத்த ஜனவரியில் அவருக்குச் சித்தம் கலங்கியது. 1900இல் இறக்கும்வரை தெளியவில்லை. எனவே இந்நூல் பித்தின் தொடக்கம் என்பார் சிலர். தீர்க்கதரிசனம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்வார் வேறு சிலர். இரண்டுமே அவசரத் தீர்ப்பு.

தனக்கென விதிக்கப்பட்டதாக அவர் நம்பிய பணி ஒன்றுதான்: எல்லா விழுமியங்களையும் மறுமதிப்பீடு செய்வது. ஐரோப்பாவில் கடவுள் நம்பிக்கை தளர்ந்துவிட்டது. ஆனால் அந்த நம்பிக்கையில் வேரூன்றிய ஒழுக்கத்தை மட்டும் யாரும் கேள்வி கேட்கவில்லை. இரக்கம், தன்னலமறுப்பு, சமத்துவம் ஆகியவை உயர்ந்தவை என்று யார் சொன்னது, அவை வாழ்வை வளர்க்கின்றனவா, நலியச் செய்கின்றனவா என்று அவர் கேட்டார். அவர் சொன்ன விடைகளில் பலவற்றை நான் ஏற்கவில்லை. கேள்வியைத் தள்ளிவிடத்தான் முடியவில்லை.

இவ்வளவு உரத்துப் பேசியதற்குக் காரணம் உண்டு. அவரைப் படிக்க ஆளில்லை. 1885 முதல் சொந்தச் செலவில் நூல்களை அச்சிட்டார். 'ஜரதுஷ்டிரா இவ்வாறு சொன்னான்' நூலின் நான்காம் பாகத்தை ஏறத்தாழ 40 பிரதிகள்தான் அச்சிட்டார். 1888 வசந்தத்தில் கோபன்ஹேகனில் டேனிஷ் விமர்சகர் கியோர்க் பிராண்டஸ் அவரைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய பிறகே வெளியுலகம் லேசாகத் திரும்பிப் பார்த்தது. வரப்போகும் மறுமதிப்பீட்டு நூலுக்கு முன் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதுதான் 'எக்கே ஹோமோ'வின் நோக்கம். அதில் சாப்பாடு, தட்பவெப்பம், நடை, தேநீர் பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறார். ஆன்மா, பாவம், மறுமை ஆகியவற்றைவிட இவையே முக்கியம் என்கிறார். பிற்கால நீட்சேயின் சாரம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பேன். தலைப்புகளின் ஆரவாரத்தில் பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

அவர் சறுக்கிய இடத்தையும் சொல்ல வேண்டும். அவ்வாண்டு அவர் படித்த மனுநூல், பிரெஞ்சிந்தியாவில் நீதிபதியாக இருந்த லூயி ஜாகோலியோவின் மொழிபெயர்ப்பு. சண்டாளர் பற்றி அதிலுள்ள பல செய்திகள் மனுவின் வழக்கமான பாடத்தில் இல்லாதவை. எல்லாவற்றையும் ஐயுற்றவர் இதை ஐயுறவில்லை. கிறிஸ்தவத்தைத் தாக்கும் வேகத்தில், 'எதிர்க்கிறிஸ்து' நூலில் மனுவின் படிநிலைச் சமூகத்தைப் போற்றவும் செய்தார். நம் வாசகர் இவ்விடத்தை மன்னிக்க வேண்டியதில்லை.

'அதிகார விருப்புறுதி' என்ற பெயரில் ஒரு பெருநூல் எழுதத் திட்டமிட்டிருந்த நீட்சே, 1888இல் அதைக் கைவிட்டார். மறுமதிப்பீட்டை நான்கு நூல்களாக எழுத எண்ணினார்; முதலாவதான 'எதிர்க்கிறிஸ்து' முடிந்ததும், அதுவே முழு மறுமதிப்பீடு என்றார். அப்படியும் தங்கை எலிசபெத்தும் உதவியாளர்களும் அவருடைய குறிப்புகளைத் தொகுத்து, அவர் கைவிட்ட தலைப்பிலேயே 1901இல் வெளியிட்டார்கள். பிற்காலச் சிந்தனையை அறிய, 1888இல் அவரே எழுதி முடித்தவற்றில் தொடங்குவதே நல்லது.

தன்னை ஒருநாள் புனிதராக்கிவிடுவார்களோ என்ற அச்சத்தையும் 'எக்கே ஹோமோ'வில் எழுதியிருந்தார். அந்நூல் 1908இல்தான் அச்சேறியது. அதற்குள் வைமாரில் தங்கை நடத்திய நீட்சே காப்பகம் யாத்திரைத் தலமாகியிருந்தது.