‘பிரெஞ்சு லெட்டர்’ - குண்டு போட்டவனுக்கு ஒரு பாட்டு!

மொட்டைக் கடுதாசி கேள்விப்பட்டிருப்பீர்கள். மெட்டுப் போட்ட கடுதாசி? 1982-ல் பிரான்சு அரசாங்கத்துக்கே அப்படி ஒன்று போனது... கிடார், டிரம்ஸ் சகிதம், ஊரறிய!

‘பிரெஞ்சு லெட்டர்’ என்ற பாட்டுதான் அது. பெயரே குறும்பு. ஆங்கிலேயர்கள் பேச்சில் ஆணுறைக்கு அந்தப் பெயர் உண்டு. (சின்னப் பிள்ளைகள் அடுத்த பாராவுக்குத் தாவவும்!) ஆனால், விஷயம் விளையாட்டில்லை.

பாடியது ‘ஹெர்ப்ஸ்’. 1979-ல் நியூஸிலாந்தின் ஆக்லாந்தில் உருவான குழு. சமோவா, டோங்கா, குக் தீவு, மாவோரி என்று பல தீவு ரத்தம். அதே வருஷம் ஏப்ரலில் பாப் மார்லி ஆக்லாந்துக்கு வந்து பாடிவிட்டுப் போனார். ஜமைக்காவின் ‘ரெகே’ இசை இந்தத் தீவுப் பையன்களுக்குச் சொந்த வீட்டுச் சமாசாரமாகிவிட்டது.

ஆகாமல் இருக்குமா? 70-களில் ‘விசா முடிஞ்சு போச்சா, காட்டு!’ என்று தீவு மக்களின் கதவை விடியற்காலையில் தட்டியது போலீஸ். பாஸ்டியன் பாயின்ட்டில் தங்கள் பூர்வீக நிலத்துக்காக ஐந்நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள் மாவோரிகள். 1978-ல் ஒரே நாளில் 222 பேர் கைது! ஹெர்ப்ஸின் முதல் இசைத்தட்டுக்கு (1981) அந்தக் காட்சிதான் அட்டைப்படம்.

சரி, பிரான்சு மேல் என்ன கோபம்? அணுகுண்டை வெடித்துப் பார்க்க அவர்கள் பாரீஸ் பக்கமா இடம் தேடினார்கள்? முதலில் அல்ஜீரியாவின் சஹாரா. அல்ஜீரியா சுதந்திரம் வாங்கியதும், தங்கள் ஆட்சியில் இருந்த பொலினீசியாவின் மொரூரோவா, ஃபங்காடாஃபா பவளத் தீவுகள். 1966 முதல் 1996 வரை 193 சோதனைகள்! 1974 வரை திறந்த வெளியில். அந்த வருஷம் ஜூலையில் வெடித்த குண்டின் மேகம் தாஹிட்டி வரைக்கும் வந்து சேர்ந்தது.

1985-ல், சோதனையை எதிர்க்கக் கிளம்பவிருந்த ‘ரெயின்போ வாரியர்’ கப்பலை ஆக்லாந்து துறைமுகத்திலேயே பிரெஞ்சு உளவாளிகள் குண்டு வைத்து மூழ்கடித்தார்கள். ஒரு புகைப்படக்காரர் பலி. 1987-ல் அணு ஆயுதத்துக்குத் தடைச் சட்டம் போட்டது நியூஸிலாந்து. கொஞ்ச காலம் நிறுத்தி வைத்திருந்த சோதனையை 1995-ல் சிராக் மறுபடி ஆரம்பிக்க... ஹெர்ப்ஸும் அதே பாட்டை மறுபடி பதிவு செய்தார்கள். 1996 ஜனவரியில் கடைசி வெடி.

‘பாட்டு பாடியா குண்டு நின்னுச்சு?’ என்று கேட்பீர்கள். பாட்டு மட்டும் நிறுத்தவில்லைதான். ஆனால், மறக்க விடாமல் பார்த்துக்கொண்டது!

2021-ல் நியூஸிலாந்து பிரதமர், அந்த விடியற்காலை வேட்டைக்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதே வருஷம் தாஹிட்டிக்கு வந்த பிரெஞ்சு அதிபர் மக்ரோன், ‘பொலினீசியாவுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்’ என்றார். மன்னிப்பு? ம்ஹூம்!

லெட்டர் போட்டு 39 வருஷம் கழித்து, பாதி பதில்!