ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியா போய் வந்த கதை: ஒரு சிலைத் திருட்டு வழக்கில் எத்தனை துறைகள் சேர்ந்து வேலை பார்க்கணும்?

2025 ஜூலை 27. ஆடித் திருவாதிரை விழாவுக்காக கங்கைகொண்ட சோழபுரம் வந்திருந்த பிரதமர் மோடி, ராஜேந்திர சோழன் நினைவு நாணயத்தை வெளியிட்டுப் பேசினார். 2014-க்குப் பிறகு வெளிநாடுகளிலிருந்து 600-க்கும் மேற்பட்ட தொல்பொருள்கள் மீட்கப்பட்டதாகவும், அதில் 36 தமிழ்நாட்டுக்கு உரியவை என்றும் அந்தப் பேச்சில் குறிப்பிட்டார்.

அந்த மேடை இருந்த அதே அரியலூர் மாவட்டத்தில்தான் ஸ்ரீபுரந்தானும் சுத்தமல்லியும் இருக்கின்றன. சிலைக் கடத்தல் பற்றி உலகில் எங்கே பேசினாலும் இந்த இரண்டு கிராமங்களின் பெயர் வரும். மீட்டுக் கொண்டு வந்தாச்சு என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் உள்ளூர் போலீஸ் தொடங்கி ஜெர்மனி நீதிமன்றம் வரை எத்தனை கைகள் மாறி அந்தச் சிலை வந்தது, எங்கெங்கே மாட்டிக்கிச்சு என்று பார்த்தால், நம் குற்றவியல் நீதி அமைப்பு வேலை செய்யும் விதம் ஓரளவு புரியும்.

திருடு போனது எப்போது, தெரிந்தது எப்போது?

கங்கைகொண்ட சோழபுரம் கோயில் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயிலின் நிலைமை வேறு. இதுவும் சோழர் காலக் கோயில்தான், ஆனால் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் இருக்கும் ஆயிரக்கணக்கான கிராமக் கோயில்களில் ஒன்று. ஆள் நடமாட்டம் குறைந்து, பூட்டியே கிடந்தது.

2006-ல் பூட்டை உடைத்து நடராஜர் உட்பட எட்டு ஐம்பொன் சிலைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். யாருக்கும் தெரியவில்லை. 2008-ல் சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலில் திருட்டு நடந்த பிறகுதான், ஸ்ரீபுரந்தான் சிலைகளையாவது பாதுகாப்பு மையத்துக்கு மாற்றிவிடலாம் என்று அதிகாரிகள் போய்க் கதவைத் திறந்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை.

இடையில் போன இரண்டு ஆண்டுகளைக் கவனியுங்கள். திருட்டு நடந்தபோது அந்த ஊர் பெரம்பலூர் மாவட்டம். கண்டுபிடித்தபோது அரியலூர் தனி மாவட்டம் ஆகிவிட்டது. மாவட்டமே மாறும் வரை சிலை காணோம் என்பது தெரியாமல் இருந்திருக்கிறது. புகார் இல்லை என்றால் எஃப்.ஐ.ஆர். இல்லை. எஃப்.ஐ.ஆர். இல்லை என்றால் போலீஸ், கஸ்டம்ஸ், இன்டர்போல் யாருக்குமே வேலை இல்லை.

அதற்குள் சிலைகள் கடல் தாண்டிவிட்டன. உமா பரமேஸ்வரியை 2007-ல் சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகம் 6,50,000 டாலருக்கு வாங்கியது. விநாயகர் அமெரிக்காவின் டொலிடோ அருங்காட்சியகத்துக்குப் போனார். நடராஜரை கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒரே கோயிலில் இருந்த மூவர் மூன்று நாடுகளில். விற்றவர் ஒருவர்தான்: நியூயார்க் மன்ஹாட்டனில் ‘ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்’ என்ற கடை வைத்திருந்த சுபாஷ் கபூர்.

ரெண்டு ஃபைல், ரெண்டு கண்டம்

இந்த வழக்கில் என்னை ரொம்ப யோசிக்க வைத்த இடம் இதுதான். 2007 பிப்ரவரியிலேயே, நியூயார்க்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் புலனாய்வுப் பிரிவுக்கு ஒரு தகவல் கொடுத்தது. ஏழு பெட்டிகள் வருகின்றன, ‘பளிங்குத் தோட்ட மேசைகள்’ என்று எழுதியிருக்கும், உள்ளே இருப்பது திருட்டுச் சிலைகளாக இருக்கலாம் என்று. அங்கிருந்துதான் அவர்கள் கபூரைப் பின்தொடர ஆரம்பித்தார்கள்.

அதாவது, ஸ்ரீபுரந்தானில் சிலை இல்லை என்று நமக்குத் தெரிவதற்கு முன்பே, அதை விற்றவர் மீது அமெரிக்காவில் விசாரணை தொடங்கிவிட்டது. இங்கே 2008-ல் பதிவான வழக்கு தனியாக நகர்ந்தது. தமிழக சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு (1983-ல் தொடங்கப்பட்டது) உள்ளூர் திருடர்களில் ஆரம்பித்து, தரகர்கள் வழியாக மேலே ஏறி, கபூர் பெயரை வந்தடைந்தது. ஒருவர் வாங்கும் பக்கத்திலிருந்து, இன்னொருவர் திருடும் பக்கத்திலிருந்து தோண்டிக்கொண்டு வந்த சுரங்கம் மாதிரி.

சரி, ஒரு மாநில போலீஸ் வெளிநாட்டில் இருப்பவரை எப்படிப் பிடிக்கும்? நேரடியாக முடியாது. இன்டர்போலுடன் பேச இந்தியாவில் அதிகாரம் பெற்ற அமைப்பு சி.பி.ஐ. அதன் வழியாகத்தான் ரெட் கார்னர் நோட்டீஸ் போகணும். அப்படிப் போன நோட்டீஸின் பேரில் 2011 அக்டோபர் 30 அன்று ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் கபூர் பிடிபட்டார்.

ரெட் நோட்டீஸ் என்றால் சர்வதேசக் கைது வாரண்ட் என்று பலரும் நினைக்கிறார்கள் (வாட்ஸ்அப் ஃபார்வேர்டுகளின் உபயம்). அது ‘இவரைத் தேடுகிறோம், கண்டால் நிறுத்துங்கள்’ என்ற கோரிக்கை மட்டுமே. பிடித்த பிறகு நாடு கடத்த வேண்டுமா என்பதை அந்த நாடு தன் சட்டப்படி முடிவு செய்யும். இந்தியாவும் ஜெர்மனியும் 2001-ல் போட்ட ஒப்பந்தம் இருந்ததால் வழி இருந்தது. வெளியுறவுத் துறை வழியாக ஆவணங்கள் போய், 2012 ஜூலையில் கபூர் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார்.

இதில் ஒரு நிபந்தனையும் உண்டு. எந்தக் குற்றத்துக்காக ஒருவரை ஒப்படைத்தார்களோ, அதற்கு மட்டும்தான் அவரை விசாரிக்கலாம். புதிதாக வேறு வழக்கு சேர்க்கணும் என்றால் அந்த நாட்டிடம் மறுபடியும் சம்மதம் கேட்கணும். 1962-ஆம் ஆண்டின் நாடு கடத்தல் சட்டத்தில் இது 21-வது பிரிவு. முதலில் அனுப்பும் ஃபைலில் விட்டுப்போனதைப் பின்னால் சேர்ப்பது லேசான வேலை இல்லை.

வழக்கைத் தாங்கிய போட்டோ

கபூர் கைதானபின் நியூயார்க்கில் அவருடைய கடையும் கிடங்குகளும் சோதனையிடப்பட்டன. 2,600-க்கும் மேற்பட்ட பொருள்கள் சிக்கின. கடை மேலாளர் 2013 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

ஆனால் கான்பெராவில் இருப்பது ஸ்ரீபுரந்தான் நடராஜர்தான் என்று எப்படி நிரூபிப்பது? கபூர் தந்த ஆவணங்களின்படி, டெல்லியில் பணியாற்றிய சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் 1970-ல் இந்தச் சிலையை வாங்கி, 1971-ல் இந்தியாவை விட்டு எடுத்துப் போனார். அந்தத் தேதியில் விஷயம் இருக்கிறது. தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் வந்தது 1972-ல். அதற்கு முன்பே வெளியேறியது என்று காகிதம் இருந்தால் வாங்குபவருக்கு நிம்மதி.

அந்தக் காகிதத்தைப் பொய்யாக்கியது புதுச்சேரியில் இருந்த ஒரு போட்டோ. பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து தமிழகக் கோயில்களைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. ஸ்ரீபுரந்தான் நடராஜரை அவர்கள் 1994-ல் அந்தக் கோயிலிலேயே படம் எடுத்திருந்தார்கள். 1971-ல் நாட்டை விட்டுப் போன சிலை 1994-ல் ஸ்ரீபுரந்தானில் எப்படி நிற்கும்?

போலீஸ் கையில் இப்படியொரு படம் இருந்ததற்குக் காரணம் வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஆய்வு நிறுவனம். அந்தப் படங்களை அருங்காட்சியகச் சிலைகளோடு ஒப்பிட்டு வெளியிட்டவர்களில் எஸ்.விஜயகுமார் போன்ற தன்னார்வலர்களும் உண்டு. சிலையைப் பராமரிக்க வேண்டியவர்களிடம் ஒவ்வொரு சிலைக்கும் அளவோடு, நாலு பக்கமும் எடுத்த படம் இருந்திருந்தால், இத்தனை தூரம் சுற்றியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

2014 மார்ச்சில் இந்தியா முறைப்படி சிலையைக் கேட்டது. செப்டம்பர் 5 அன்று டெல்லியில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட், நடராஜரை மோடியிடம் ஒப்படைத்தார். கூடவே விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரும் வந்தார். உமா பரமேஸ்வரி 2015-ல் சிங்கப்பூரிலிருந்து திரும்பினார்.

தீர்ப்புக்கு எத்தனை வருஷம்?

சுத்தமல்லி வழக்கில் 19 சிலைகளைத் திருடிக் கடத்தியதற்காக, கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பர் 1 அன்று கபூருக்கு 10 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதித்தது. மேலும் ஐந்து பேர் தண்டிக்கப்பட்டார்கள். கபூர் நாடு கடத்தி வரப்பட்டதிலிருந்து கணக்குப் போட்டால் பத்து வருஷத்துக்கு மேல். தீர்ப்பு வந்தபோது தண்டனைக் காலத்துக்கு ஈடான காலத்தை அவர் ஏற்கெனவே காவலில் கழித்திருந்தார்.

ஏன் இவ்வளவு நேரம்? வெளிநாட்டுச் சாட்சியமும் ஆவணமும் வேண்டும் என்றால் நம் நீதிமன்றம் முறைப்படி வேண்டுகோள் கடிதம் அனுப்பணும். அது உள்துறை, வெளியுறவுத் துறை, அந்த நாட்டு அமைச்சகம் என்று படியேறி இறங்கணும். உள்ளூரிலும் இழுபறி இருந்தது. 2018-ல் சிலைக் கடத்தல் வழக்குகளை சி.பி.ஐ.க்கு மாற்றி தமிழக அரசு ஆணையிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. யார் விசாரிப்பது என்பதே தனி வழக்காக ஓடியது. அமெரிக்காவும் சும்மா இல்லை. கபூர் மீது 2019-ல் நியூயார்க்கில் குற்றச்சாட்டு பதிவாகி, அடுத்த ஆண்டே அவரை ஒப்படைக்கும்படி இந்தியாவிடம் கேட்டது.

போலீஸ், நீதிமன்றம், சிறை, தடயவியல், அரசு வழக்கறிஞர் ஆகிய ஐந்து தரப்பின் தகவல்களையும் கணினியில் இணைக்கும் ‘ஐ.சி.ஜே.எஸ்.’ என்ற திட்டம் இப்போது இருக்கிறது. நாட்டுக்குள் ஃபைல் தேடும் நேரம் இதனால் குறையலாம். அறநிலையத் துறையோ கஸ்டம்ஸோ அந்த ஐந்தில் இல்லை.

சரி, சாமி எங்கே?

மீட்கப்பட்ட சிலை சட்டப்படி வழக்குச் சொத்து. நடராஜர் டெல்லியிலிருந்து நேராகத் தன் கோயிலுக்குப் போகவில்லை. கும்பகோணம் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டு, அங்குள்ள சிலை பாதுகாப்பு மையத்துக்குப் போனார். வழக்கு முடியும் வரை சிலை யாரிடம் இருக்கணும் என்பதை நீதிமன்றம்தான் சொல்லும்.

2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 497-வது பிரிவு இந்த இடத்தில் ஒரு மாற்றம் கொண்டுவந்திருக்கிறது. பொருள் நீதிமன்றத்துக்கு வந்த 14 நாளுக்குள் விவரக் குறிப்பு தயாரிக்கணும், போட்டோவும் தேவைப்பட்டால் வீடியோவும் எடுக்கணும். அந்தப் படங்களையே விசாரணையில் சாட்சியமாகப் பயன்படுத்தலாம். அதன்பின் 30 நாளுக்குள் பொருளை என்ன செய்வது என்று உத்தரவிடணும். கோயில் சிலைகளுக்கும் இதைப் பயன்படுத்தி, வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும், சாமி ஊருக்குப் போகட்டும் என்று கேட்க இடமிருக்கிறது. ஆனால் நீதிமன்றம் அப்படி அனுப்புவதற்கு முன் கேட்கும் முதல் கேள்வி, அந்தக் கோயிலில் இரும்புக் கதவும் கேமராவும் ராத்திரி காவலாளியும் இருக்கிறார்களா என்பதாகத்தான் இருக்கும்.