112 பாகையா, 154 பாகையா?

நெடுந்தீவில் கிணற்றடி மோட்டர் எரிந்துபோய், சுற்றிக் கட்ட யாழ்ப்பாணம் கொண்டுபோவதென்றால் சின்ன வேலையில்லை. படகேறிக் குறிகட்டுவானுக்கு வரவேண்டும், அங்கிருந்து பஸ். மூடியைக் கழற்றியதும் வார்னிஷ் கருகிய மணம் மூக்கிலடிக்கும். "கரன்ற் கூடி எரிஞ்சிட்டுது" என்பார்கள். பாதி சரி. மின்னோட்டம் சுருளைச் சூடாக்குகிறது. அந்தச் சூடு திரும்பி வந்து மின்சாரத்தின் கணக்கையே மாற்றிவிடுகிறது என்பது மற்றப் பாதி.

செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். தடை ஏறினால் அதே மின்னோட்டத்துக்கு வெப்பம் கூடும். வெப்பம் கூடினால் தடை இன்னும் ஏறும்.

ஒரு கைக்கணக்குப் போடுவோம். 20 பாகையில் சுருளில் 80 வாட் வீணாகும் மோட்டர். வீணாகும் ஒவ்வொரு வாட்டுக்கும் சுருள் காற்றைவிட 1 பாகை சூடேறும். காற்று 32 பாகை. மின்கணக்கைத் தனியே முடித்து வெப்பக் கணக்கிடம் கொடுத்தால் விடை 112. சுருளின் பி வகை மின்காப்பு 130 வரை தாங்கும் என்பதால் மனம் ஆறும். ஆனால் 112 பாகையில் வீணாவது 80 வாட் அல்ல, 109. அதைப் போட்டால் 141 பாகை. மறுபடி போட்டால் 150. இப்படியே போய் 154-ல்தான் நிற்கிறது. காப்பு 10 பாகை கூடுதலாகச் சூடானால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலாளர்களின் பழைய கைவிதி. அந்த மோட்டரின் கதி தெரிந்ததே.

இந்தப் போக்குவரத்தைத்தான் கணினியில் செய்கிறார்கள். இரும்பையும் செம்பையும் ஆயிரக்கணக்கான சின்ன முக்கோணங்களாக வெட்டி, காந்தப்புலத்தைக் கணித்து, எங்கே எவ்வளவு வீணாகிறது என்று பார்ப்பது ஒரு மென்பொருள். வெப்பம் எப்படி வெளியேறுகிறது என்று பார்ப்பது இன்னொன்று. மின்சாரம் 20 மில்லிசெக்கனில் ஒரு சுற்று முடிக்கும். மோட்டர் சூடேறி நிலைக்க மணிக்கணக்காகலாம். இரண்டையும் ஒரே வேகத்தில் ஓட்டினால் கணினி திணறும். அதனால் மாறி மாறி விடையைக் கைமாற்றி, வித்தியாசம் ஒன்றிரண்டு பாகைக்குள் வந்ததும் நிறுத்துகிறார்கள். டேவிட் மீக்கர் இலவசமாக வெளியிட்ட எஃப்.இ.எம்.எம். மென்பொருளில் காந்தப்புலம், வெப்ப ஓட்டம் இரண்டையுமே கணிக்கலாம்.

தீவுக்கு இது ஏன் முக்கியம்? உப்புக்காற்று. மோட்டரின் வெளிச் செதில்களுக்கிடையே உப்பும் புழுதியும் படிந்து, வெப்பம் வெளியேறுவது 20 சதவீதம் கடினமானால் என்ன ஆகும்? மேலே போட்ட கணக்கில், ஒருவழிப் பாதையில் விடை 128. இன்னமும் தப்பிவிட்டது போலத் தோன்றும். இருவழியாகப் போட்டால் 193! பட்டறையில் சுத்தமாகச் சோதித்த மோட்டர் இதைச் சொல்லாது.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான கலப்பு மின்திட்டத்துக்கு, இந்திய நன்கொடையில், பெங்களூரின் யூ-சோலார் நிறுவனத்துடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. சூரிய ஒளியில் 1700 கிலோவாட், காற்றில் 530 கிலோவாட். கூடவே பற்றரியும் டீசல் ஜெனரேற்றர்களும். காற்றாலை ஜெனரேற்றரும் இதே கணக்குக்குள் அடங்கியதுதான். நியோடிமியக் காந்தம் வைத்ததென்றால் இன்னொரு தொல்லை: பாகைக்கு 0.12 சதவீதமளவு காந்த வலு குறையும். எல்லை மீறிச் சூடானால் இழந்தது திரும்பாது. ஆனால் காற்றாலைக்கு ஒரு சலுகை உண்டு. சோளகம் பலமாக வீசி அதிக வேலை வாங்கும்போது, அதே சோளகம் அதன் உடம்பையும் ஆற்றும். தகரக் கூரைக்குக் கீழே நிற்கும் பம்ப் மோட்டருக்கு அந்தக் கொடுப்பனவு இல்லை.

அதன் உள்ளே எத்தனை பாகை என்று அறிய மென்பொருளும் வேண்டாம். தடை ஏறுவதே வெப்பமானி. மோட்டர் ஆறிக் கிடக்கையில், மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுச் சுருளின் தடையை அளந்துகொள்ளுங்கள். நன்றாக ஓடவிட்டு, நிறுத்தி, இணைப்பைக் கழற்றி உடனே மறுபடி அளவிடுங்கள். 30 பாகையில் 10 ஓம் காட்டியது 13 ஓமாக ஏறியிருந்தால், சுருள் சராசரியாக 110 பாகையில் இருக்கிறது.