மணி அடிக்காத மாதம்

ஏப்ரல் நடுவில் எந்தப் பள்ளியின் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தாலும் இரண்டு பேச்சுதான் காதில் விழும். விடைத்தாள் திருத்த எந்த முகாமில் போட்டிருக்கிறார்கள் என்பது ஒன்று. இந்த வருடமாவது ஊட்டிக்குப் போக முடியுமா என்பது இன்னொன்று.

போகலாம். ஆனால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் அதற்கும் வரம்பு வைத்தார்கள். ஊட்டிக்கு வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலர்க் கண்காட்சியும் அதே மே மாதத்தில்தான். தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிற குடும்பமெல்லாம் ஒரே நேரத்தில் மலையேறும்போது நாமும் ஏறினால் பார்க்கக் கிடைப்பது முன்னால் நிற்கிற வேனின் பின்பக்கம்தான். மற்ற அலுவலர்கள் அக்டோபரில் விடுப்புப் போட்டுவிட்டு நிம்மதியாகப் போய் வருவார்கள். ஆசிரியருக்குத்தான் கோடை விடுமுறை இருக்கிறதே என்று ஈட்டிய விடுப்பைக் குறைத்து வைத்திருக்கிறது விதி.

ஆகவே மலையை விடுங்கள். ஆண்டு முழுக்க ஆசிரியருக்கு வாய்க்காத பொருள் ஒன்று உண்டென்றால் அது வாரநாளின் இரவும் விடியலும். ராத்திரி பத்து மணிக்கு மேல் விழித்திருக்க முடியாது. காலை எட்டே முக்காலுக்குள் பள்ளி வாசலில் இருக்க வேண்டும். மணிக்குக் கட்டுப்பட்ட இந்தப் பிழைப்பில் எதையெல்லாம் பார்க்காமல் விட்டோமோ, அதையெல்லாம் மே மாதத்தில் பார்த்துவிட வேண்டும் என்பதே என் கட்சி.

முதல் இடம் கூத்துக்கு. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கிற காலம் இது. பகலில் பந்தலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. நாளுக்கு ஒரு கதை: திரௌபதி கல்யாணம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். பத்து மணிக்கு மேல் தொடங்கினால் விடிகிறவரை ஓடும். பள்ளி நடக்கிற நாளில் இதைப் பார்க்க நினைத்தால் மறுநாள் முதல் பாடவேளையில் தூங்கி விழ வேண்டியதுதான்.

பார்க்கப் போகிறவர்கள் கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள். அரிதாரம் பூசுகிற இடத்தை எட்டிப் பார்த்தால் யாரும் விரட்ட மாட்டார்கள். சிறிது நேரத்துக்கு முன் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஆள் கண்ணாடியில் துரியோதனனாக மாறிக்கொண்டிருப்பார். மேளமும் தாளமும் ஆர்மோனியமும் ஓங்கி ஒலிக்க, திரைக்குப் பின்னால் நின்றபடியே பாத்திரம் தன் வரவைப் பாடும். திரை விலகும்போது முன்வரிசைக் குழந்தைகள் ஒரு முழம் பின்னால் நகர்வார்கள். தபசு அன்று அர்ச்சுனன் வேடக்காரர் உயரமான மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். மேலேயிருந்து அவர் எறிகிற எலுமிச்சம்பழத்துக்குப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே முந்தானை விரித்துக் காத்திருப்பார்கள். கடைசியில் படுகளம். மண்ணால் செய்து தரையில் கிடத்திய துரியோதனன், ஆளை விடப் பல மடங்கு நீளம். அந்த உருவத்தைச் சுற்றி பீமன் வேடக்காரர் துரத்துவார், துரியோதனன் வேடக்காரர் ஓடுவார், ஊரே கூட ஓடும். திரௌபதி கூந்தல் முடிப்பதைப் பார்த்த பிறகுதான் கூட்டம் கலையும். மாலையில் தீமிதி.

கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் ஓர் இரவு முழுக்கக் கூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கிறானே, வகுப்பறைக்கு இதிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளலாமா என்று உங்களுக்குத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். ஏற்கனவே எல்லாவற்றையும் 'செயல்பாடு' ஆக்கிப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாகிவிட்டது. கூத்தையாவது கூத்தாகப் பார்ப்போம்.

அடுத்தது கண்மாய். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் நீர் வற்றுகிற மாதங்களில் ஊர் கூடி மீன்பிடித் திருவிழா நடத்துவார்கள். விடியுமுன்பே கரையெங்கும் ஊத்தா, கச்சா, வலை என மீன்பிடி கருவிகளோடு ஆட்கள் நிற்பார்கள். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சேற்றுக்குள் இறங்குவார்கள். விரால், கெளுத்தி, கெண்டை, அவரவர் அதிர்ஷ்டம். பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்க வேண்டும் என்பது பல ஊர்களில் வழக்கம். உள்ளூர் ஆள் ஒருவரைத் தெரிந்துவைத்துக்கொண்டு போவது நல்லது; நாள் குறிப்பது கடைசி நேரத்தில்தான் தெரியவரும். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிய கணக்கு வாத்தியாரைச் சேற்றில் பார்க்கும் பாக்கியம் அவரிடம் படித்த பையன்களுக்குக் கிடைக்கட்டுமே.

வற்றிய கண்மாயில் இன்னொரு வேலையும் உண்டு. தண்ணீர் இருக்கும்போது மறைந்திருக்கும் மடைத்தூண்கள் இப்போது வெளியே தெரியும். பழைய மடைகள் சிலவற்றில் அவற்றைக் கட்டியவர் பெயர் வெட்டியிருக்கும். தொல்லியலில் ஆசிரியர்களுக்குத் தனிக் கைராசி இருக்கிறது. மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் 2006-இல் ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டுக் கொல்லையில் கன்று நடக் குழி தோண்டினார். கையில் கிடைத்தது புதிய கற்காலக் கைக்கோடரி. அதன் மேல் நான்கு குறிகள். சிந்துவெளி எழுத்தென்று ஐராவதம் மகாதேவன் அதைப் படித்தார், விவாதம் இன்னும் ஓயவில்லை. கீழடியிலும் 2015-இல் அகழாய்வு தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, மாணவர்கள் கொண்டுவந்த பானை ஓடுகளைச் சேர்த்து வைத்து வல்லுநர்களிடம் சொன்னவர் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர்தான். 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகம் திறந்துவிட்டார்கள்; செட்டிநாட்டு வீட்டுப் பாணிக் கட்டடம், வாரநாளில் கூட்டம் குறைவு. ஒன்று மட்டும்: பழைய எழுத்து எதையாவது கண்டால் சுண்ணாம்பையோ மாவையோ பூசிப் படிக்க முயலாதீர்கள். படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். மைப்படி எடுக்க அவர்களுக்குத் தெரியும்.

வெயில் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நூலகம் இருக்கிறது. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். இரண்டிலும் ஏசி உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை.

இவ்வளவு சொல்லியும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: இதற்கெல்லாம் ஆசிரியைகளுக்கு யார் நேரம் கொடுப்பது? 'டீச்சருக்குத்தான் லீவாச்சே' என்ற ஒரு வரியில் வடாம் பிழிவது, நாத்தனார் பிள்ளைகளுக்குச் சமைப்பது, மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது எல்லாம் அவர் தலையில் வந்து விழும். திருத்தும் பணியும் பயிற்சி வகுப்பும் தின்றதுபோக எஞ்சியதை வீடு தின்றுவிடும். தேர்தல் வருடமென்றால் கேட்கவே வேண்டாம். 2024-இல் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை. விடுமுறையின் இரு முனையிலும் தேர்தல் வேலை நின்றது. எனக்குத் தெரிந்த ஒரே வழி கூட்டணி: நான்கைந்து ஆசிரியைகள் சேர்ந்து ஒரு வேன் பேசி, தேதியை முன்கூட்டியே வீட்டில் அறிவித்துவிடுவது. அனுமதி கேட்டால் தேதி தள்ளிப்போகும். கூத்துக் களத்தில் பெண்கள் பாய் விரித்துக் குழந்தைகளோடு உட்கார்ந்திருப்பார்கள், இடத்துக்குக் குறைவில்லை.

வேனும் வேண்டாம், வீட்டை விட்டு நகரவே முடியாது என்கிறவர்களுக்கு மொட்டை மாடி. காலை ஐந்தரை முதல் ஏழு வரை போதும். காகம் கூடு கட்டுகிற பருவம் இது. அதில் முட்டையிட வழி பார்த்துக் குயில் ஜோடி அதே மரத்தைச் சுற்றிவரும். ஆண் கத்திக் காகத்தை வம்புக்கு இழுக்க, பெண் சத்தமில்லாமல் உள்ளே நுழையும். இலவசக் காட்சி. மே இரண்டாவது சனிக்கிழமை உலகெங்கும் பறவை பார்ப்போர் ஒரே நாளில் பட்டியல் எடுத்து ஈபேர்ட் தளத்தில் ஏற்றுகிறார்கள். அதில் உங்கள் மாடியும் சேரலாம். திருநெல்வேலிப் பக்கம் சொந்தம் இருந்தால் கூந்தன்குளத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். அங்கே நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களில் கூடு வைத்திருக்கும்.

ஒன்றுக்கு மட்டும் வழி கண்டுபிடிக்க முடியவில்லை. குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்குவது பெரும்பாலும் ஜூன் முதல் வாரம். அந்த வாரம்தான் பாடநூல் விநியோகம், புதுச் சேர்க்கை, எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு. முதல் சனிக்கிழமை கிளம்பிப் போய் நெரிசலில் நனைந்துவிட்டு வரவேண்டியதுதான், அன்றைக்கு வேலைநாள் என்று சுற்றறிக்கை வராமலிருந்தால்.